நாணயம் எண்ணும் கைகள்

வங்கிக் கிளையின் கதவு திறந்ததும் முதலில் வரிசை உருவாகும் இடம் காசாளரின் கூண்டுதான். மேலாளரைப் பார்க்க வருவோர் சிலர். கடன் பிரிவை நாடுவோர் ஆண்டில் ஓரிரு முறை வருவர். காசாளரிடமோ ஊர் முழுவதும் வருகிறது. நேற்று விற்ற காய்கறிக்கான பணத்தைக் கட்ட ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பணம் எடுக்க ஒருவர், ஓய்வூதியம் பெற ஒரு முதியவர், கடைக்குச் சில்லறை வேண்டி ஒரு வணிகர். இவர்கள் நீட்டும் நோட்டுகளைக் கொண்டே அவ்வூரின் தொழில் இன்னதென்று சொல்லிவிடலாம். மீன் சந்தையிலிருந்து வரும் நோட்டில் ஈரம் இருக்கும். மாவு மில்லிலிருந்து வருவதில் வெண்தூள் படிந்திருக்கும். கோவில் உண்டியலிலிருந்து வருவதில் மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருக்கும்.

பெருநகரங்களின் வணிக வரலாறு நூல்களாக எழுதப்பட்டுள்ளது. துறைமுகங்கள், ஆலைகள், பெரும் வணிகக் குடும்பங்கள் ஆகியவற்றுக்கு ஆவணங்கள் உண்டு. சிற்றூரின் வணிகத்துக்கு அத்தகைய ஆவணம் பெரும்பாலும் இல்லை. நெல் விற்றதும், பாக்கு விற்றதும், கடனைத் திருப்பியதும், சீட்டுப் பணம் கட்டியதும் ஊராரின் நினைவில் மட்டுமே வாழ்ந்து, அவர்களோடு மறைந்துவிடுகின்றன. அவ்வரலாற்றின் பெரும்பகுதி ஏதோ ஒரு காசாளரின் விரல்கள் வழியாகக் கடந்து சென்றதே. ஆகவே காசாளரின் மேசையில் அமர்ந்து ஊரைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதை இக்கட்டுரையில் நாம் காண முயல்கிறோம். அதற்கு நாம் தேர்ந்துகொண்ட வட்டாரம், கடல் கடந்த நம் நாட்டின் ஒரு மூலை: தெற்கு அந்தமானின் சௌல்தாரி.

சௌல்தாரி தெற்கு அந்தமான் தீவின் உட்பகுதியில் அமைந்த சிற்றூர். இந்தியில் ‘சோல்தாரி’ என்றால் சிறு கூடாரம். ஊரின் பெயரைக் கேட்டதும் அச்சொல் நினைவுக்கு வருவது இயல்பு. தலைநகரான போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரின் சந்தையை நம்பி நெல்லும் தென்னையும் பாக்கும் காய்கறியும் விளைவிக்கும் ஊர்கள் நிறைந்த வட்டாரம் இது. இவ்வட்டாரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பெருநிலத்தில் வாழும் நமக்குப் பணம் என்பது காற்றையும் நீரையும் போல எப்போதும் இருப்பது. தீவில் பணம் கடல் கடந்து வந்து சேர்ந்த ஒன்று. அது எப்படி வந்தது, யார் எண்ணினார்கள், ஏன் நம்பினார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே விடை தெளிவாகத் தெரிகிறது.

வண்ணக்கர் மரபு

காசு எண்ணுவோர் தமிழகத்துக்குப் புதியவர் அல்லர். சங்கப் புலவர்களின் பெயர்களுள் ‘வண்ணக்கன்’ என்னும் அடைமொழி சில இடங்களில் வருகிறது. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் ஆகியோரை இலக்கிய ஆர்வலர்கள் அறிவர். வண்ணக்கன் என்பவன் நாணயத்தின் தரத்தை நோட்டம் பார்ப்பவன். பொன்னின் மாற்றும் காசின் எடையும் சரியா என்று சொல்லும் பொறுப்பு அவனுடையது. அத்தொழிலைச் செய்தவர்கள் கவிபாடும் புலமையும் பெற்றிருந்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பிற்காலத்தில் சராப்பு, நோட்டக்காரர் என்ற பெயர்களில் அத்தொழில் தொடர்ந்தது. வெள்ளி ரூபாய் புழங்கிய நாளில், காசைக் கல்லின்மேல் சுண்டி அதன் ஓசையைக் கேட்பதும், விளிம்பைத் தடவிச் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் அன்றாட வேலை. அரசின் கருவூலங்களிலும் தொடக்ககால வங்கிகளிலும் காசைக் கையாண்டவர்கள் இந்த மரபில் வந்தவர்களே. காகித நோட்டு பெருகியபின் காதின் வேலை குறைந்தது. விரலின் வேலையும் கண்ணின் வேலையும் கூடின. ஆயினும் அடிப்படைப் பணி மாறவில்லை. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே அமர்ந்து, ‘இது சரி’ என்று சொல்வதே அப்பணி.

தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கிறது. நாணயமான மனிதர் என்று ஒருவரைச் சொல்லும்போது அவருடைய செல்வத்தை நாம் குறிப்பதில்லை. அவருடைய சொல் செல்லும் என்றே குறிக்கிறோம். காசு செல்வதும் சொல் செல்வதும் ஒன்றே என்று இம்மொழி பேசுவோர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள்.

செப்புத் துண்டும் கைதியின் சேமிப்பும்

1858 மார்ச் 10-ஆம் நாள் மருத்துவர் ஜே. பி. வாக்கரின் பொறுப்பில் 200 கைதிகளோடு ஒரு கப்பல் போர்ட் பிளேரை அடைந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்து ஆங்கிலேய அரசு நிறுவிய தண்டனைக் குடியேற்றம் அன்று தொடங்கியது. காட்டை வெட்டி, கொட்டகை போட்டு, மண்ணைத் திருத்திய அம்மனிதர்களிடம் முதலில் பணம் என்று எதுவும் இல்லை. எனினும் சில ஆண்டுகளிலேயே அங்கே ஒரு சந்தையும் அதற்கென ஒரு காசும் தோன்றின. 1861 என்ற ஆண்டு பொறித்த ‘அந்தமான் டோக்கன்’ எனப்படும் செப்புத் துண்டுகள் இன்றும் நாணயச் சேகரிப்பாளர்களிடம் காணக்கிடைக்கின்றன. ஒரு துண்டின் மதிப்பு ஒரு ரூபாய். வெள்ளி ரூபாயின் இடத்தில் அந்தக் குடியேற்றத்துக்குள் புழங்குவதற்காக அவை செய்யப்பட்டன. செம்பின் விலை ஒரு ரூபாய்க்கு வெகு குறைவு. ஆயினும், கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு ரூபாய் கிடைக்கும் என்ற உறுதி இருந்தவரை அது ஒரு ரூபாயாகவே இருந்தது.

இதனினும் நம் கவனத்துக்கு உரியது மற்றொன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பிலிருந்த முறைப்படி, தீவுக்கு அனுப்பப்பட்ட கைதி முதல் ஆறு மாதங்களைச் செல்லுலர் சிறையில் கழித்தான். பின்னர் படிப்படியாகக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஐந்து ஆண்டுகள் முடிந்தபின் அவனுக்கு மிகச் சிறிய தொகை படியாகக் கிடைத்தது. அதைச் சிறு வசதிகளுக்குச் செலவிடலாம். அல்லது கைதிகளுக்கென்றே இருந்த தனிச் சேமிப்பு வங்கியில் போட்டு வைக்கலாம். பத்து ஆண்டுகள் நிறைந்தால், ‘தன் உழைப்பில் வாழ்பவன்’ என்ற தகுதியோடு ஒரு சிற்றூரில் குடியேற இசைவு கிடைக்கும். அங்கே நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், மணம் செய்துகொள்ளலாம், அல்லது ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைக்கலாம். தொடக்கத்தில் வீட்டுக்கும் உணவுக்கும் கருவிக்கும் உதவி உண்டு. வாடகையும் தீர்வையும் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உதவி நிற்கும். அதன்பின் சுதந்திரமான குடிமகன் செலுத்தும் எல்லாவற்றையும் அவனும் செலுத்தியாக வேண்டும்.

தெற்கு அந்தமானின் உட்பகுதியில் உழவூர்கள் பல இவ்வாறு தோன்றின. இம்முறையின் கொடுமையை நாம் மறப்பதற்கில்லை; விடுதலை வேட்கை கொண்ட எத்தனையோ பேர் அந்தச் சிறையில் வாடி மடிந்தனர். அதே வேளையில், எல்லா உரிமைகளையும் இழந்த ஒரு மனிதனுக்கு முதலில் திரும்பக் கிடைத்தவற்றுள் ஒன்று சேமிக்கும் உரிமை என்பதும் நம் சிந்தனைக்கு உரியது. தன் பெயரில் ஒரு கணக்கு. அதில் சில அணாக்கள். நாளை ஒரு கலப்பையோ ஒரு மாடோ வாங்கலாம் என்ற எண்ணம். அந்தச் சில அணாக்களை வாங்கி எழுதிக்கொண்ட எழுத்தரின் பெயர் வரலாற்றில் இல்லை. அவர் ஒரு அணாவைக் குறைத்து எழுதியிருந்தால் கேட்பதற்குக் கைதிக்கு நாதியில்லை. அக்கணக்கு அவருடைய நேர்மையை நம்பியே நின்றது.

பல மொழி, ஒரே வரிசை

இருபதாம் நூற்றாண்டில் தீவுக்கு வந்தோரின் பட்டியல் நீண்டது. 1921-ஆம் ஆண்டு மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் மலபாரிலிருந்து அனுப்பப்பட்டோர் தம் ஊர்களின் பெயர்களையும் உடன் கொண்டுவந்தனர். மஞ்சேரி, வண்டூர், காலிகட் என்னும் பெயர்கள் தெற்கு அந்தமானில் இன்றும் வழங்குகின்றன. சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்கு வந்தோர் ‘ராஞ்சிக்காரர்’ எனப் பெயர் பெற்றனர். 1925-ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்தனர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. தமிழகத்திலிருந்து கட்டுமானப் பணிக்கும் துறைமுகப் பணிக்கும் வணிகத்துக்கும் வந்தோர் பல்லாயிரவர். 1964-ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்பாட்டின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளராகக் குடியமர்ந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.8 லட்சம், அவர்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர்.

இத்தனை மக்களும் ஒரே வரிசையில் நிற்கும் இடங்களுள் வங்கியும் ஒன்று. நம் ரூபாய் நோட்டின் முகப்பில் இந்தியும் ஆங்கிலமும், பின்புறத்துப் பட்டியில் தமிழ் உள்ளிட்ட 15 மொழிகளும் உள்ளன. அந்தமானில் அந்தப் பட்டி வரிசையாக எழுந்து நிற்பதாகவே தோன்றும். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் அடுத்தடுத்து நின்று, தத்தம் உச்சரிப்பில் இந்தி பேசிப் பணம் கட்டுவர். நோட்டில் இடம்பெறாத நிக்கோபாரியமும் கரேனும் சாத்ரியும் அவ்வரிசையில் ஒலிப்பதுண்டு. மொழி புரியாத இடத்தில் விரல்கள் பேசும். எண்ணி முடித்த தொகையைத் தாளில் எழுதிக் காட்டினால் இருவருக்கும் ஐயம் தீரும்.

பணம் வருவதற்கு முன்பே வணிகம் செழித்த தீவுகளும் இங்கே உண்டு. நிக்கோபாரில் நெடுங்காலம் தேங்காயே பணம். வெளியிலிருந்து வரும் துணிக்கும் இரும்புக்கும் அரிசிக்கும் இத்தனை தேங்காய் என்று விலை பேசப்பட்டது. அளவு பெரிதானால் இருபது இருபதாக எண்ணுவது வழக்கம். எண்ணியவன் சொன்ன எண்ணிக்கையை வாங்கியவன் நம்பினான். செப்புத் துண்டானாலும் தேங்காயானாலும் காகிதமானாலும் எண்ணிக்கையில் நம்பிக்கை இருந்தாலன்றிச் சந்தை கூடாது.

அந்நம்பிக்கை அறுந்த காலத்தையும் தீவு கண்டிருக்கிறது. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரைக் கைப்பற்றியது. 1945 அக்டோபரில் முறையான சரணடைதல் நிகழும்வரை பெருநிலத்தோடு இருந்த வணிகத் தொடர்பு அற்றுப்போயிற்று. கப்பல் வராத தீவில் அரிசி இல்லை, துணி இல்லை. பசியும் வன்கொடுமையும் பல உயிர்களைக் கொண்டன. கையில் காசு இருந்தாலும் வாங்கப் பொருள் இல்லாத அந்நாட்களைப் பற்றி முதியோர் வழிவழியாகச் சொல்லி வந்தனர். பணம் தானே ஒரு பொருள் அன்று, அது பொருளுக்கும் மனிதருக்கும் இடையே ஓடும் ஒப்பந்தம் என்பதை அவர்கள் நூல் படித்து அறியவில்லை.

கூண்டுக்குள் ஒரு நாள்

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. அப்போது நாடெங்கும் இருந்த வணிக வங்கிக் கிளைகள் 8,262; அவற்றுள் கிராமப்புறக் கிளைகள் 1,833 மட்டுமே. அடுத்த இருபது ஆண்டுகளில் கிராமப்புறக் கிளைகளின் எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டியது. இந்தப் பெருக்கத்தில் சிற்றூர் மக்கள் முதன்முதலாகக் கண்ட வங்கி முகம் காசாளரின் முகமே. உழவர்களும் கடைக்காரர்களும் கூலித் தொழிலாளரும் அதுவரை லேவாதேவிக்காரரின் திண்ணையையும் அஞ்சலகச் சேமிப்பையும் மட்டுமே அறிந்திருந்தனர்.

கணினி வருமுன் பணம் எடுப்பது ஒரு சடங்கைப் போன்றது. வாடிக்கையாளர் காசோலையையோ பணம் எடுக்கும் சீட்டையோ கொடுத்ததும் எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று கைக்கு வரும். சீட்டு பேரேட்டு எழுத்தரிடம் போகும். அவர் இருப்பைப் பார்த்துப் பற்று எழுதுவார். அதிகாரி கையொப்பத்தை ஒப்பிட்டு இசைவளிப்பார். பின்னர் அது காசாளரை அடையும். அவர் எண்ணைக் கூப்பிட்டு, டோக்கனை வாங்கிக்கொண்டு, தொகையைக் கேட்டு உறுதிசெய்து, இரு முறை எண்ணிக் கொடுப்பார். பித்தளை டோக்கனை இறுகப் பற்றியபடி மர விசிப்பலகையில் காத்திருந்த நினைவு நம் வாசகர் பலருக்கும் இருக்கும். அந்தமானின் செப்பு டோக்கன் எந்த உறுதியைத் தாங்கியதோ அதே உறுதியைத்தான் அந்தப் பித்தளை வில்லையும் தாங்கியது: கொண்டு வா, உனக்குரியது கிடைக்கும்.

கூண்டுக்குள் நடப்பதை வாடிக்கையாளர் முழுவதும் அறிவதில்லை. காலையில் பெட்டக அறையைக் காசாளர் தனியே திறக்க இயலாது. அவரிடம் ஒரு திறவுகோல், அதிகாரியிடம் மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். எடுத்த தொகை எழுதப்படும். வருவதும் போவதும் மதிப்புவாரியாகக் குறிக்கப்படும். சலானில் 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று நம்மை எழுதச் சொல்வது இதற்காகவே. தொகை மட்டும் எழுதினால், பின்னர் எழும் ஐயத்தைத் தீர்க்க வழியில்லை. நூறு நோட்டு ஒரு கட்டு. பத்துக் கட்டு ஒரு பெருங்கட்டு. மாலையில் கையிருப்பும் ஏட்டு இருப்பும் ஒன்றாக வேண்டும்.

ஒன்றாகாத நாளும் உண்டு. ஐந்நூறு ரூபாய் கூடினால் அது காசாளருக்கு உரியதாகாது; தனிக் கணக்கில் வரவு வைத்து, உரியவர் வந்து கேட்கும்வரை காக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் குறைந்தால் பொறுப்பு அவருடையது. பெரும்பாலும் அவர் கைப்பணத்திலிருந்தே ஈடுசெய்ய நேரும். கூடுதலில் பங்கில்லை, குறைவில் விலக்கில்லை என்ற இவ்விதி கடுமையானது. மாலை ஆறு மணிக்குக் கிளையில் எல்லோரும் சென்றபின், விளக்கின் கீழ் ஒருவர் மட்டும் அன்றைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவதை நாம் கண்டிருப்போம். அவர் தேடுவது பணத்தை மட்டும் அன்று. எந்த முகத்துக்கு எத்தனை கொடுத்தோம் என்ற நினைவையும் தேடுகிறார். சிற்றூரில் இந்த நினைவே பலமுறை துணைநிற்கும். மறுநாள் காலை, ‘ஐயா, நேற்று ஒரு நோட்டு கூடுதலாக வந்துவிட்டது’ என்று ஒருவர் வந்து நிற்பார். அந்த நொடியில் நாணயம் என்ற சொல்லின் இரு பொருளும் ஒரே மேசையில் சந்திக்கின்றன.

கள்ள நோட்டு வரும்போது காசாளரின் நிலை இன்னும் இடர்மிக்கது. அதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு உரிமையில்லை. முத்திரையிட்டுக் கைப்பற்றி, ஒப்புச்சீட்டு கொடுக்க வேண்டும். நாள் முழுதும் உழைத்துக் கிடைத்த பணத்தில் ஒரு தாள் போலி என்று கேட்கும் கூலித் தொழிலாளிக்கு அது பேரிழப்பு. அவருடைய சினம் முதலில் பாய்வது எதிரே இருப்பவர்மீதுதான். விதியைக் காத்துக்கொண்டே அந்த மனிதரின் துயரையும் மதிக்கத் தெரிந்தவரே நல்ல காசாளர்.

மாறிய காசு, மாறாத கணக்கு

மேசையின் இரு புறமும் இருந்தோரை ஒருங்கே சோதித்த நாட்கள் சில உண்டு. 1957 ஏப்ரல் 1 அன்று பதின்மக் காசு நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. புதிய முறையில் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. நான்கு அணாவுக்கு 25 காசு என்பது எளிது. ஒரு அணாவுக்கோ ஆறேகால் காசு வர வேண்டும்; கால் காசு என்று ஒன்று இல்லை. ஆகவே ஒரு அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19 என்று மாற்றுப் பட்டியல் வகுக்கப்பட்டது. பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் அருகருகே புழங்கின. காய் விற்கும் மூதாட்டிக்கு அக்கணக்கைப் பொறுமையோடு சொல்லிக் கொடுத்தவர்களுள் காசாளர்களும் இருந்தனர். 1964-இல் ‘நயா’ என்ற அடைமொழி நீங்கிற்று. 2011 ஜூன் 30-க்குப் பின் 25 காசும் அதற்குக் குறைந்தவையும் செல்லாதவையாயின.

2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி, நோட்டுக் கட்டுகளைக் கம்பியால் தைக்கும் வழக்கத்தை நிறுத்துமாறு வங்கிகளுக்கு ஆணையிட்டது. அதற்கு முன் கட்டின் ஓரத்தில் தடித்த கம்பி பாய்ந்திருக்கும்; அதைப் பிரிக்கும்போது நோட்டு கிழியும், விரலும் கிழியும். தாள் பட்டை வந்தபின் நோட்டின் ஆயுள் நீண்டது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் விலக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அந்நோட்டுகளில் இருந்தது. ஒரு நாள் மூடியிருந்து, 10-ஆம் தேதி வங்கிகள் திறந்தபோது நின்ற வரிசைகளை நாம் மறவோம். டிசம்பர் 30 வரை காசாளர்கள் எண்ணிய நோட்டுகள் மிகப் பல. தீவுகளுக்கு இச்சோதனை இரட்டிப்பு. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்; கப்பலுக்கு ஏறத்தாழ மூன்று நாள். புதிய நோட்டு கடலையோ வானையோ கடந்தே வர வேண்டும். கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம் பெருநிலத்தில் வேரூன்றத் தொடங்கிய அக்காலத்தில் தீவின் இணையம் செயற்கைக்கோளை நம்பித் தள்ளாடிக் கொண்டிருந்தது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் 2,312 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி தொடங்கி வைக்கப்பட்டது. அதன்பின் காட்சி விரைந்து மாறுகிறது. இளநீர்க் கடையிலும் மீன் கடையிலும் சதுரப் புள்ளிக் குறியீடு தொங்குகிறது. 1858-இல் கைதிகளின் கப்பல் கடந்த வங்கக் கடலின் அடியில் இன்று ரூபாய் ஒளியாக ஓடுகிறது. இது வரவேற்கத்தக்க மாற்றம். உழவருக்கும் சிறு வணிகருக்கும் நேரமும் பயணச் செலவும் மிச்சமாகின்றன.

மேசைக்கு அப்பால் நிற்பவர்

ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையும் நிலநடுக்கமும் இத்தீவுகளைத் தாக்கின. நிக்கோபாரில் ஊர்கள் அழிந்தன. தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்து, சிப்பிகாட் முதலிய தாழ்நிலங்களில் நெல்வயல்களுக்குள் கடல்நீர் நிலையாகப் புகுந்தது. உழுத நிலம் உப்புநீர் ஆனபின் வாழ்வைத் தொடங்க வேண்டியிருந்தவர்களுக்கு வங்கிக் கணக்கும் அதில் இருந்த சிறு தொகையும் எத்தகைய பற்றுக்கோடு என்பதை எண்ணிப் பார்க்கலாம். அத்தகைய நாளில் மின்சாரமும் இருக்காது, தொலைத்தொடர்பும் இருக்காது. எழுதப்பட்ட கணக்கும், அதைச் சரியென்று சொல்லும் ஒரு மனிதரும் மட்டுமே இருப்பர்.

இன்று கிளைகளில் எண்ணும் பொறிகள் வந்துவிட்டன. பணம் கட்டும் பொறிகள் வாசலிலேயே நிற்கின்றன. காசாளரின் வரிசை குறுகி வருகிறது. குறுகிய அவ்வரிசையில் இப்போதும் நிற்பவர் யார் என்று பார்த்தால், அவர்களுக்கு வேறு வழி குறைவு என்பது புரியும். எழுத்தறியாத முதியவர், கைரேகை தேய்ந்த தொழிலாளி, கைப்பேசியில் தொகையை அழுத்த அஞ்சும் மூதாட்டி. கைதியின் சில அணாக்களை அன்று எவரோ ஒருவர் சரியாக எழுதிக்கொண்டதைப் போல, இவர்களுடைய தொகையையும் ஒருவர் கண்முன்னே எண்ணிக் கொடுக்க வேண்டும். அந்த உரிமை பொறிகள் எவ்வளவு பெருகினாலும் அவர்களுக்கு இருந்தே ஆக வேண்டும் என்பது நம் கருத்து.

இதில் வாடிக்கையாளராகிய நமக்கும் பங்கு உண்டு. சலானில் நோட்டு விவரத்தை முழுமையாக எழுதுவோம். பெற்ற பணத்தை மேசையை விட்டு அகலுமுன் எண்ணுவோம். அது ஐயப்படுவது ஆகாது, இருவரையும் காப்பது. நோட்டின்மேல் எழுதுவதைத் தவிர்ப்போம். அழுக்கடைந்த, கிழிந்த நோட்டுகளை எந்த வங்கிக் கிளையிலும் விதிகளின்படி மாற்றிக்கொள்ளலாம். அவற்றைத் தரகரிடம் குறைந்த விலைக்குத் தர வேண்டியதில்லை. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியை நம்ப வேண்டாம். அதன் எல்லா வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியுள்ளது. தவறுதலாகக் கூடுதல் பணம் வந்துவிட்டால் அன்றே திருப்பிக் கொடுப்போம். அதற்காக ஒருவர் விளக்கின் கீழ் அமர்ந்து சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கக் கூடும்.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் ஊர்க் கிளையில் முப்பது ஆண்டுகள் பணம் எண்ணி ஓய்வு பெற்ற காசாளர் அருகிலேயே வாழ்ந்துகொண்டிருக்கலாம். எந்த மாதம் வெல்லம் விற்ற பணம் வந்தது, எந்தத் திருவிழாவுக்குச் சில்லறை தீர்ந்தது, எந்த ஆண்டு மழை பொய்த்து நகைக்கடன் பெருகியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாடிக்கையாளரின் தனிக் கணக்கை அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஊரின் பொதுக் கதையைச் சொல்வார். ஒரு மாலைப் பொழுது அவரோடு அமர்ந்து கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சௌல்தாரி போன்ற சிற்றூர்களின் வணிக வரலாறு அப்படித்தான் எழுதப்பட வேண்டும்.